பியானோவை அரங்கில் வைத்துவிட்டால் போதாது: மௌனத் திகில் படங்களைத் திரையிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மௌனத் திகில் படங்களை நேரடிப் பியானோ வாசிப்போடு திரையிடும் திரைப்படச் சங்கங்களுக்கும், விழாக் குழுக்களுக்கும், அரங்க நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

எழுதிவைத்த இசை எதுவும் இல்லை, மனோதர்மமாகத்தான், அதாவது அந்தந்தக் கணத்தில் தோன்றுவதைத்தான் வாசிக்கப்போகிறார்கள், ஆகவே ஒத்திகையும் முன்னேற்பாடும் அதிகம் வேண்டியதில்லை என்ற எண்ணம் உங்களில் பலரிடம் இருக்கிறது. மௌனப்படங்களுக்குப் பியானோ வாசிக்கும் எங்களை இந்த மடலை எழுதவைத்தது அதுதான். கையில் இசைத்தாள் இருப்பவருக்கு என்ன குழப்பம் வந்தாலும் அடுத்த பக்கத்தில் என்ன வருகிறது என்பதாவது தெரியும். மனோதர்மமாக வாசிப்பவருக்குத் திரையும் தன் காதும்தான் பிடிமானம். திரை தவறாக ஓடினால், அல்லது காதில் வேறு சத்தம் விழுந்தால், அவரிடம் திரும்பிப் பார்க்க எதுவும் கிடையாது. அதனால் அவருக்கு நீங்கள் செய்து தரவேண்டியது மற்றவர்களுக்குச் செய்வதைவிடக் கூடுதல்.

முதலில் பிரதியைப் பற்றிச் சொல்கிறோம், ஏனென்றால் பாதிச் சிக்கல்கள் அங்கேதான் தொடங்குகின்றன. எந்தப் படம் என்று சொன்னால் போதாது, எந்தப் பிரதி என்றும் சொல்ல வேண்டும். ஜெர்மன் இயக்குநர் முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 மார்ச் 4 அன்று பெர்லினில் முதல் காட்சி நடந்தது. பிறகு, ‘டிராகுலா’ நாவலை அனுமதியில்லாமல் படமாக்கியதாக அதன் ஆசிரியர், மறைந்த பிராம் ஸ்டோக்கரின் மனைவி தொடுத்த வழக்கில் பிரதிகளை அழிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. தப்பியவை பல நாடுகளில், பல நீளங்களில், பல வெட்டுகளோடு சிதறிக் கிடந்தன. இன்று அதே பெயரில் புழங்கும் பிரதிகளுக்குள் கால்மணி நேரத்துக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். சிலவற்றில், ரத்தக்காட்டேரிப் பிரபுவின் பெயர் ஓர்லாக் என்று வரவேண்டிய டைட்டில் கார்டில் (காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டையில்) டிராகுலா என்றும், அவன் கோட்டைக்குப் போகும் இளைஞனுக்கு ஹுட்டர் என்பதற்குப் பதில் ஹார்க்கர் என்றும் இருக்கும். ஒரு பிரதியைப் பார்த்துத் தயாராகி வந்தவர் முன்னால் இன்னொரு பிரதியை ஓட்டினால், அவர் அமைதிக்காக ஒதுக்கிவைத்த இடத்தில் வேறு காட்சி வந்து நிற்கும்.

அடுத்தது ஓட்டும் வேகம். இதை ஒரு சின்னக் கணக்குப் போட்டு நீங்களே சரிபார்த்துவிடலாம். 35 மி.மீ. படச்சுருளில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 52.5 பிரேம்கள். ‘நோஸ்ஃபெராட்டு’வின் தொடக்ககால நீளம் 1,967 மீட்டர், அதாவது சுமார் 1,03,000 பிரேம்கள். வினாடிக்கு 18 பிரேம் வீதம் ஓட்டினால் 95 நிமிடம், 20 என்றால் 86, பேசும்படத்துக்கு வழக்கமான 24 என்றால் 72. உங்கள் கையிலிருக்கும் முழுநீளப் பிரதி 70 நிமிடத்தை ஒட்டி முடிகிறது என்றால் அது தலைதெறிக்க ஓடுகிறது என்று பொருள். நல்ல டிஜிட்டல் பிரதியில், 24 பிரேமில் ஓடும் கருவிக்காக, ஒவ்வொரு மூன்றாவது பிரேமையும் இரண்டு முறை காட்டி 18-இன் நடையைக் காப்பாற்றியிருப்பார்கள். அவசரத்தில் தயாரித்ததில் இது இருக்காது. படச்சுருளாகவே ஓட்டுகிறீர்கள் என்றால் வேகத்தை மாற்றக்கூடிய புரொஜெக்டரும் மூன்று இதழ் ஷட்டரும் (ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் சுழல்தகடும்) வேண்டும். இல்லாவிட்டால் குறைந்த வேகத்தில் திரை கண் கூசும்படி மினுக்கும். பிரேம் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பேசும்படத்தில் ஒலித்தடத்துக்கு விட்ட இடத்திலும் மௌனப்படத்தில் பிம்பம் இருக்கும். பிம்பத்தின் எல்லையை வெட்டும் பேசும்படத் தகட்டை மாற்றாமல் ஓட்டினால் படத்தின் ஒரு விளிம்பு காணாமல் போகும்.

வேகத்தைப் பற்றி இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே படத்தில் ஓர்லாக் தன் கோட்டை முற்றத்தில் சவப்பெட்டிகளை வண்டியில் அடுக்குகிறான். அதை முர்னாவ் வேண்டுமென்றே இயல்புக்கு மீறி விரைவாக்கியிருக்கிறார். காட்டுவழியில் வண்டி வரும் காட்சியும் அப்படித்தான், அங்கே பிம்பத்தை நெகட்டிவாகவும் புரட்டுகிறார். மற்ற காட்சிகள் மனித நடையில் போனால்தான் இந்த இரண்டும் மனிதத்தன்மை இல்லாதவையாகத் தெரியும். படம் முழுக்க 24-இல் ஓடினால் எல்லோருமே விடுவிடுவென்று நடக்கிறார்கள், சவப்பெட்டி அடுக்கும் இடத்தில் அரங்கம் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பைப் பியானோவால் தடுக்க முடியாது. எவ்வளவு கனமாக வாசிக்கிறோமோ அவ்வளவு பலமாகச் சிரிப்பார்கள்.

நிறமும் இதே வகைச் சிக்கல்தான். அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் பிரதிக்கு நீலச் சாயம் ஏற்றினார்கள். விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. சாயம் போன கறுப்பு வெள்ளைப் பிரதியில், சூரிய ஒளி பட்டால் அழிந்துபோகும் ஓர்லாக் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்கிறான். கதையின் முடிவே அர்த்தமிழந்துவிடுகிறது. சாயம் மீட்டெடுத்த பிரதி கிடைக்கும்போது அதையே வாங்குங்கள். வாசிப்பவருக்கும் அதுதான் வழிகாட்டி: நீலம் மஞ்சளாக மாறும் இடத்தில் சுருதியையோ ஸ்தாயியையோ மாற்றினால், இடம் மாறியது பார்வையாளருக்குச் சொல்லாமலே புரியும்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: திரையிடப்போகும் அதே பிரதியிலிருந்து எடுத்த பார்வைக் கோப்பை, மூலையில் ஓடும் நேரக்குறியோடு, குறைந்தது மூன்று வாரம் முன்பாக அனுப்புங்கள். அதை வைத்து என்ன செய்கிறோம் என்பது தெரிந்தால் ஏன் கேட்கிறோம் என்பதும் விளங்கும். முதல் தடவை பியானோவைத் தொடாமல் பார்ப்போம். எங்கே படம் தானாகவே பயமுறுத்துகிறது, எங்கே தொய்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாவது தடவை ஒரே தாளில் குறிப்பெடுப்போம்: நேரம், காட்சி, எந்த ஸ்தாயி, எங்கே நிறுத்துவது. மூன்றாவது தடவைதான் வாசிப்பு. முழுப் படத்துக்கும் இரண்டு அல்லது மூன்று சிறு ஸ்வரக்கட்டுகள் போதும். ஓர்லாக்குக்கு மூன்று ஸ்வரத்தில் ஒன்று, ஹுட்டரின் மனைவி எலனுக்கு ஒன்று, கப்பலுக்கு இடதுகையில் விடாமல் சுழலும் ஒன்று. அவற்றை எப்படி விரிப்பது, எங்கே உடைப்பது என்பது அன்றைய அரங்கைப் பொறுத்தது. மனோதர்மம் வருவது அந்த இடத்தில்தான். ஸ்வரக்கட்டே இல்லாமல் உட்காருபவர் இருபது நிமிடத்தில் தன் கைப்பழக்கத்துக்குள் விழுந்துவிடுவார். பதற்றம் காட்டப் பழகிப்போன, நடுங்கும் டிமினிஷ்ட் செவன்த் கார்டுகளும் (கார்டு என்பது பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிப்பது) கீழ்ஸ்தாயி உறுமலும் மாறி மாறி வரும். ஒன்றரை மணி நேரம் அதைக் கேட்டால் யாருக்கும் எதுவும் உறைக்காது.

வெட்டுக்கு வெட்டு இசையை மாற்றுவதும் அதே அளவுக்குக் கெடுதல். கோட்டையில் ஓர்லாக் ஹுட்டரை நெருங்குகிறான், எங்கோ தொலைவில் எலன் தூக்கத்தில் எழுந்து நடந்து கூவுகிறாள், ஓர்லாக் திரும்புகிறான். படம் இரண்டு இடங்களுக்கும் மாறி மாறித் தாவுகிறது. பியானோவும் கூடவே தாவினால் அவை இரண்டு தனிக் காட்சிகள் ஆகிவிடும். ஒரே ஆதார ஓசையைக் கீழே நிறுத்திவைத்து, மேலே மட்டும் சிறிதாக மாற்றினால், இரண்டு பேரையும் ஒரு கயிறு கட்டியிருப்பது காதில் கேட்கும். முர்னாவ் சொல்வதும் அதைத்தானே. மாறாக, ஊரில் கொள்ளைநோய் அறிவிப்போடு முரசடிப்பவன் வரும் இடத்தில் திரைக்குள்ளேயே ஒலி இருக்கிறது, அதைப் பியானோ தர வேண்டும். கையுறையிட்ட இடது உள்ளங்கையைத் தாழ்ந்த கம்பிகளின் மேல் அழுத்தி, வலதுகையால் அதே கட்டைகளைத் தட்டினால் ஸ்வரம் மங்கி, தோல் வாத்தியம்போல ‘தொம்’ என்று மட்டும் விழும்.

இனி ஒரு காட்சியை நெருங்கிப் பார்ப்போம். அரங்க நிர்வாகம் செய்யும் ஒவ்வொரு சிறு ஏற்பாடும் எங்கே போய்ச் சேருகிறது என்பது அதில் தெரியும்.

லான் சேனி நடித்த 1925-ஆம் ஆண்டின் ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’வில் முகமூடி கழலும் இடம். முகமூடி அணிந்த எரிக் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கிறான். பின்னாலிருந்து பாடகி கிறிஸ்டின் மெல்ல நெருங்குகிறாள். கை முகமூடியருகே போகிறது, தயங்குகிறது, பின்வாங்குகிறது, மறுபடி போகிறது. இங்கே பியானோவிலிருந்து வருவது எரிக்கின் இசை. அவனுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆகவே அந்தக் கை நெருங்கும்போது பியானோ படபடக்கக் கூடாது. நீண்ட கார்டுகள், பெடலோடு, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பார்வையாளர் பதறுவதே அந்த இசை பதறாததால்தான். முகமூடி கழன்ற கணத்தில் அவன் கை கட்டையை விடுகிறது. பியானோவும் அதே கணத்தில், பெடலையும் விட்டு, முற்றாக நிற்க வேண்டும். முகத்தை முதலில் பார்ப்பவர்கள் பார்வையாளர்கள். கிறிஸ்டின் அவன் முதுகுப்புறம் நிற்கிறாள், அவளுக்கு இன்னும் தெரியாது. பிறகு அவன் திரும்புகிறான், அப்போதுதான் அவள் பார்க்கிறாள். அதிர்ச்சிகள் இரண்டு. முதல் அதிர்ச்சியிலேயே பத்து விரலையும் அறைந்துவிட்டால் இரண்டாவதற்குக் கையில் ஒன்றும் மிச்சமிருக்காது. முதலாவதற்கு மௌனம், இரண்டாவதற்கு அடி என்பதே எங்கள் தீர்ப்பு.

அந்த மௌனம் நாலைந்து வினாடிதான் இருக்கும். அதற்குள் ஏசி இரைந்தால், பக்கக் கதவு கிறீச்சிட்டால், பியானோ பெடலே முனகினால், காட்சி செத்தது. வாசிப்பவர் பார்க்கும் சிறு திரை கால் வினாடி பின்தங்கினால், கை நின்ற பிறகும் ஆர்கன் ஒலிக்கும். அடி சற்றுப் பிந்தி விழுந்தாலாவது கண் பொறுத்துக்கொள்ளும். முந்தி விழுந்தால் ரகசியத்தைச் சொல்லிவிட்டதாகும். (இந்தப் படத்திலும் 1925 வடிவம் வேறு, பின்னாளில் மாற்றி வெட்டி வெளியிட்ட வடிவம் வேறு. எது வருகிறது என்பதை முன்னதாகச் சொல்லிவிடுங்கள்.)

பியானோவுக்கு வருவோம். திகில் படத்துக்கு வேண்டியது ஆழமான கீழ்ஸ்தாயி. கம்பி குட்டையாக இருந்தால் தாழ்ந்த ஸ்வரங்கள் தெளிவில்லாமல் கரகரக்கும். ஆகவே 1.8 மீட்டருக்குக் குறையாத கிராண்ட் பியானோவைக் கேட்கிறோம். மூன்று பெடல்களும் வேலை செய்ய வேண்டும். குறிப்பாக நடுப்பெடல்: அடியில் பிடித்த ஸ்வரத்தை மட்டும் நீள நிறுத்திவிட்டு மேலே இரண்டு கையாலும் வேறொன்று வாசிக்க அதுதான் வழி. பெரும்பாலான அப்ரைட் பியானோக்களில் நடுப்பெடல் இருந்தாலும் அது கம்பிக்குக் குறுக்கே கம்பளி இறக்கிச் சத்தத்தைக் குறைக்கும் பெடல், இந்த வேலைக்கு ஆகாது. பெரிய பியானோ கிடைக்காவிட்டால் நன்றாகப் பராமரித்த அப்ரைட் ஒன்றைத் தாருங்கள். பராமரிப்பில்லாத கிராண்டைவிட அது மேல். டிஜிட்டல் பியானோ கடைசி வழிதான். அதில் கம்பி கிடையாது, உள்ளே கைவிட்டு எழுப்பும் ஒலிகள் எதுவும் கிடைக்காது. வேறு வழியே இல்லையென்றால் கனமுள்ள 88 கட்டைகளும் மூன்று பெடல்களும் இருக்கட்டும், ஸ்பீக்கர் வாசிப்பவரின் அருகிலேயே நிற்கட்டும்.

சுருதி சேர்ப்பதை காட்சி நாளன்று, பியானோ தன் இடத்துக்கு வந்து நின்ற பிறகு செய்யச் சொல்லுங்கள். வேறு அறையில் சேர்த்துவிட்டு உருட்டிக்கொண்டு வந்தால் பயனில்லை. முக்கியமாக, காட்சி நேரத்தில் ஏசி எந்த அளவில் ஓடுமோ அதே அளவில் சில மணி நேரம் முன்பிருந்தே ஓட வேண்டும். வெதுவெதுப்பான அரங்கில் சுருதி சேர்த்துவிட்டுப் பார்வையாளர் வரும்போது குளிரூட்டினால், முதல் அரைமணிக்குள்ளேயே நடு ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளும் தங்களுக்குள் பிணங்கத் தொடங்கும். திகில் படத்துக்குச் சுருதி பிசகினால் பரவாயில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். சுருதி சுத்தமாக இருக்கும்போதுதான் நாங்கள் வேண்டுமென்றே வைக்கும் அபஸ்வரம் உறைக்கும். டியூனர் கிளம்புவதற்கு முன் பெடல் முனகல், கட்டை ஒட்டிக்கொள்வது, ஸ்டூல் கிறீச்சிடுவது மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பிகளைக் கையால் தொடுவது பற்றி அரங்கத்தார் அஞ்சுவது நியாயமே. அதனால் இதை எழுத்தில் பேசிக்கொள்வது நல்லது. நாங்கள் செய்வது இவ்வளவுதான்: செம்புச்சுற்றுக் கம்பிகளைப் பருத்திக் கையுறையோடு நீளவாக்கில் தடவுவது, உள்ளங்கையால் அழுத்துவது, பிளாஸ்டிக் கிட்டார் பிக்கால் சுண்டுவது, கம்பளித் துண்டையோ ரப்பர் ஆப்பையோ கம்பிகளுக்கிடையே வைத்து ஒலியை மழுக்குவது. உலோகத்தால் செம்புச்சுற்றைச் சுரண்டுவதில்லை. வெறும் கையால் தொட்டால் வியர்வை செம்பைக் கறுக்கவைக்கும். டாம்பரை (கம்பியின் ஒலியை அணைக்கும் கம்பளிப் பட்டையை) அழுத்தித் தொட்டால் அது வளையக்கூடும், பிறகு ஸ்வரம் சரியாக அணையாது. எந்தக் கம்பி என்று அடையாளம் வைக்கக் கம்பியில் சாக்குக்கட்டியோ ஒட்டுத்தாளோ போடக்கூடாது. இந்த வரம்புகளை அரங்கத்தாரும் டியூனரும் ஒத்திகைக்கு முன்பே பார்த்துச் சம்மதிக்கட்டும். சம்மதமில்லை என்றால் கட்டைகளோடு நிறுத்திக்கொள்வோம். மேடையேறிய பிறகு தடுப்பதுதான் எல்லோருக்கும் சங்கடம்.

பியானோவைத் திரைக்கு ஒரு பக்கமாக, தரைமட்டத்தில் வையுங்கள். வாசிப்பவர் கழுத்தை 45 பாகைக்கு மேல் திருப்பாமல் முழுத்திரையும் தெரிய வேண்டும். ஒன்றரை மணி நேரம் கழுத்தை முறுக்கிவைத்தால் கடைசி ரீலில் இடதுகை மரத்துப்போகும். மூடியைக் குட்டைக் கம்பில் நிறுத்துங்கள், முழுக்கத் திறந்தால் முன்வரிசைக்குத் திரை மறையும். திரைக்கு மிக அருகில் அண்ணாந்து பார்க்க வேண்டிய நிலை என்றால் சிறு மானிட்டர் ஒன்று தேவை, அதற்குக் கேபிள்தான் வேண்டும். கம்பியில்லா இணைப்புகள் படத்தைத் தாமதமாகத் தரும். கட்டை தெரிய மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும், அது திரையிலும் வாசிப்பவர் முகத்திலும் படாதபடி கறுப்புத் துணியால் மறைத்துவிடுங்கள்.

பெரிய அரங்காக இல்லாதவரை மைக் வேண்டாம். மெல்லிய வாசிப்பைக் கேட்கப் பார்வையாளர் காதைக் கூர்மையாக்கிக்கொள்வதே திகிலின் முதல் படி. ஸ்பீக்கரில் எல்லாமே ஒரே பருமனில் வந்தால் அந்தக் கூர்மை வராது.

ஆபரேட்டரிடம் தயவுசெய்து நேரில் பேசுங்கள். டிஜிட்டல் பிரதிகள் பலவற்றில் ஏற்கெனவே பதிவுசெய்த இசை இருக்கும். ஒலியை அடைக்க மறந்துவிட்டால் பியானோவும் அந்த இசையும் மோதிக்கொள்ளும், படத்தை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டிவரும். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் முன்கூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். அரங்க விளக்கு அணைந்து முழு இருட்டு வந்த பிறகு வாசிப்பவர் கை காட்டுவார், அதன்பின் படம் தொடங்கட்டும். முடிவு அட்டை வந்தவுடன் விளக்கைப் போடாமல், வாசிப்பவர் கையைக் கட்டையிலிருந்து எடுக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள். நடுவில் இடைவேளை விட்டே ஆகவேண்டும் என்றால், படம் அங்கங்களாகப் பிரிந்திருக்கிறது, ‘நோஸ்ஃபெராட்டு’வில் ஐந்து அங்கங்கள். ஓர் அங்கத்தின் முடிவில் விடுங்கள், பாதிக் காட்சியில் வெட்டாதீர்கள். டைட்டில் கார்டுகளை யாராவது மொழிபெயர்த்துப் படிப்பதாக இருந்தால் அவரையும் ஒத்திகைக்கு அழையுங்கள். மனிதக் குரல் ஒலிக்கும் ஸ்தாயியைக் காலியாக விட்டு, மேலும் கீழுமாக மட்டும் வாசிப்பது எளிது. ஆனால் குரல் எப்போது வரும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஒத்திகையை காட்சிக்கு ஒட்டினாற்போல் வைக்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும். நடுங்கும் கார்டுகள் முன்னங்கையைச் சோர்வாக்கும், சோர்ந்த கை மெல்லிய ஒலியைத்தான் முதலில் இழக்கும்.

படத்தை அறிமுகப்படுத்துபவருக்கும் ஒரு வேண்டுகோள். பழைய படம், சிரிப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மன்னிப்புக் கேட்கும் தொனியில் பேச வேண்டாம். சிரிக்கலாம் என்று சொல்லிக்கொடுப்பதாகவே அது முடிகிறது. இந்தப் படங்கள் நூறாண்டு கடந்தும் மனிதரை நாற்காலியோடு உறையவைக்கின்றன, ஓர்லாக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் நிழல் படியேறும்போது அரங்கத்தில் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்காது. அதற்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

கடைசியாக, பதிவு. அன்று வாசித்தது அன்றே உருவானது, உரிமை வாசித்தவருடையது. பதிவுசெய்ய விரும்பினால் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பல கலைஞர்கள் இசைவார்கள், சிலர் மறுப்பார்கள். காட்சி முடிந்தபின் தெரியவருவதுதான் கசப்பு. கேமரா வைப்பதென்றால் அதன் சிவப்பு விளக்கை மறைத்து, வாசிப்பவரின் பார்வைக்கோட்டுக்கு வெளியே வையுங்கள்.

இதில் எல்லாவற்றையும் எல்லா அரங்கமும் செய்ய முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். எது முடியாது என்பதை மூன்று வாரம் முன்பே சொல்லுங்கள். நடுப்பெடல் இல்லை, மானிட்டர் இல்லை, கம்பியைத் தொடக்கூடாது என்று முன்னதாகத் தெரிந்தால் அதற்கேற்ற வாசிப்பைத் திட்டமிடுவோம். அடுத்த திரையிடலுக்கு முதலில் பிரதியை முடிவுசெய்யுங்கள், அதன் ஓட்ட நேரத்தையும் பிரேம் வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள், பிறகு பியானோ கலைஞரை அழையுங்கள்.

அன்புடன்,
மௌனப்படங்களுக்குப் பியானோ வாசிப்பவர்கள்